மேடு ஏறினால் விழும் முள்

எங்கள் ஜீப்பின் ஆயில் பிரஷர் மீட்டரில் முள் கீழே விழுந்ததை முதல் தடவை பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னால் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். தேவிகுளம் தாண்டி செங்குத்தான ஏற்றம். எஞ்சினுக்குள் ஆயில் ஓட்டம் நின்றால் இரும்போடு இரும்பு உரசி எஞ்சின் அப்படியே இறுகிப்போகும். அதன் பிறகு பழைய பிரேக்கை நம்பித்தான் அந்த ஏற்றத்தில் நிற்க வேண்டும். அவர்களோ சோறு பொங்கிய கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மேடு முடிந்து ரோடு சமமானதும், முள் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நின்றது.

அந்த ஜீப் என் கல்யாணத்துக்கும் மூத்தது. காலையில் நான் ஓட்டுவேன். மத்தியானத்துக்கு மேல் என் மனைவியின் தம்பி ஓட்டுவான். அவன் எங்களோடு வந்து சேர்ந்ததும் முள் விழ ஆரம்பித்ததும் ஒரே மாதம். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் நியாயஸ்தன் மாதிரி முதலில் பட்டறைக்குத்தான் போனேன். மீட்டர் பொய் சொல்கிறது என்று மீட்டரை மாற்றினார்கள். முள் மறுபடி விழுந்தது. ஆயில் பம்பை மாற்றி, புது ஆயில் ஊற்றி, மேட்டில் ஏற்றிக் காட்டினார்கள். முள் அசையவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பழையபடி விழுந்தது. கடைசியில் “பேரிங் தேஞ்சிருக்கும், எஞ்சினை இறக்கணும்” என்றார்கள். பட்டறையில் இருக்கும்வரை ஒழுங்காக இருக்கிற வண்டி, வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போகிறது என்றால் என்ன அர்த்தம்? ஓட்டுகிறவன் சரியில்லை என்றுதானே அர்த்தம்? அவன் வேறு இரண்டாம் கியரில் ஏற வேண்டிய மேட்டை மூன்றில் இழுக்கிறவன்.

மறுநாள் ஜீப் ஸ்டாண்டில், பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் முன்னால், அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். “ஏல, நீ வண்டியா ஓட்டுத? எட்டு உசுர ஏத்திக்கிட்டு என் எஞ்சினக் கொன்னுபோட்டியல!” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் அளவு தெரியாது. அதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

அதன் பிறகு அவனுக்கு ஒருவரும் வண்டி கொடுக்கவில்லை. எஞ்சினைக் கெடுக்கிற கை என்று மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. டிரைவர் வேலையைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன். மூன்று வாரம் பார்த்துவிட்டு, கீழே பொள்ளாச்சிக்கு அப்பால் வடகரப்பதியில் ஒரு தென்னந்தோப்பில் டிராக்டர் ஓட்டப் போய்விட்டான். என் மனைவி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

ஈஸ்டருக்குத் தம்பியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். எஞ்சினை இறக்குவதற்கு முன் கீழே வேறொருவரிடம் காட்டலாம் என்று நானும் கிளம்பினேன். மறையூர் வழியாக மலை இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, தென்னைகளுக்கு நடுவே நீளமான சமரோட்டில் போனபோது முள் நட்டுக்க நின்றது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. அன்றிரவு தோப்பில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டேன்.

மெக்கானிக் என்னைவிட இளையவர். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவித் துடைத்தார். திரும்ப விட்டு எடுத்தார். என் பக்கம் நீட்டினார்.

“ஏனுங்க, ஆயிலு கம்பியத் தொடவே இல்லீங்களே?”

“நேத்து காலையில கெளம்பும்போதுகூடப் பாத்தேனே. கோடு வரைக்கும் இருந்துச்சு.”

“எங்க நிறுத்திப் பாத்தீங்க?”

“வீட்டு முன்னாடி.”

“ஊட்டு முன்னால தரை சமமா இருக்குமுங்களா?”

கம்பியை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். நுனியில்கூட ஆயில் இல்லை.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றிச் சமமான தரை என்று ஒன்று கிடையாது. முன்பெல்லாம் தேயிலை ஃபாக்டரி முற்றத்தில் நிறுத்துவேன், அது சமதரை. மைத்துனன் வந்த அதே மாதம் அங்கே சங்கிலி போட்டு வெளி வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள்; அதன் பிறகு வீட்டு முன் சரிவில் மூக்கைக் கீழே பார்க்க வைத்து நிறுத்தினேன். செல்ஃப் மோட்டார் சரியில்லாத எங்கள் ஊர் ஜீப்புகள் எல்லாமே அப்படித்தான் நிற்கும். காலையில் பிரேக்கை விட்டு உருட்டி, கியரில் போட்டால் ஸ்டார்ட் ஆகிவிடும். வண்டி மூக்கைக் கவிழ்த்து நின்றால், அடியில் உள்ள ஆயிலெல்லாம் முன்பக்கம் சேர்ந்துவிடும். அளவுக் கம்பி இறங்குவதும் முன்பக்கம்தான். குறைவாக இருக்கிற ஆயிலும் அங்கே நிறைவாகத் தெரியும்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு தடவை ஆயில் மாற்றிக்கொண்டு வந்ததும் மறுநாள் காலையில் நான் கம்பியை உருவிப் பார்ப்பேன். ஆயில் கோட்டுக்கு மேலே எங்கோ நிற்கும். பட்டறைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே, அடி நட்டைக் கழற்றி, கோட்டுக்கு வரும்வரை வடிப்பேன். அந்த வண்டியில் எத்தனை கவனமாக இருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொள்வேன். புதுப் பம்பு போட்டு வந்த மறுநாளும் அதைத்தான் செய்தேன்.

“மேடு ஏறுனா இருக்கற கொஞ்சமும் பின்பொறத்தால போயிருமுங்க. பம்பு காத்தத்தான் உறிஞ்சும்” என்றபடி மெக்கானிக் ஊற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு லிட்டருக்கு மேல் போயிற்று. பேரிங்குக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை, தப்பித்தீர்கள் என்றார். அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் தினமும் போனது என் கண்ணுக்குள் வந்தது. கொல்லப் பார்த்தது நான்.

தோப்புக்குத் திரும்பிப் போய் மைத்துனனிடம் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவன் அதிரவில்லை.

“தெரியும் அத்தான்” என்றான்.

“என்னல தெரியும்?”

“நீங்க நட்டக் கழத்தும்போதே சொன்னேனே. சமமா இருக்குத கிரவுண்டுல கொண்டுபோயி நிறுத்திப் பாப்போம்னு. ‘நேத்து வந்த பய எனக்குப் பாடம் எடுக்காத’ன்னீங்க. சாவியப் பிடுங்குன அன்னைக்கும் சொன்னேன். நீங்க கத்துன கத்துல ஒருத்தருக்கும் கேக்கல.”

சத்தியமாக எனக்கு அது ஞாபகமில்லை. அவனுக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகமிருந்தது. கம்பியில் ஆயில் இல்லாததைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. திரும்ப வந்துவிடு என்று கையைப் பிடித்தேன்.

“ஸ்டாண்டுல எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்க அத்தான். பெறவு பாப்போம்.”

மலை ஏறும்போது ஒரு வளைவில்கூட முள் விழவில்லை. மனைவி அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் எல்லோரையும் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். சரிவு, கம்பி, நட்டு, நான் வடித்த ஆயில், அவன் சொன்னது, நான் கேட்காதது. சொல்லி முடித்தேன். ஏச்சுக்குத் தயாராக நின்றேன். அங்கே இருந்தவர்களில் மூத்த டிரைவர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார்.

“பொண்டாட்டி தம்பிக்காகப் பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிட்டியே. பெரிய மனசுப்பா உனக்கு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பதறிப்போய், கிரவுண்டுக்கு வாருங்கள், நிறுத்திக் காட்டுகிறேன் என்றேன். “எதுக்கு, நாங்க நம்புதோம்” என்று சிரித்தார்கள். ஒருவருக்கு டிரைவர் தேவைப்பட்டது எனக்குத் தெரியும். அவரைத் தனியே கூப்பிட்டு, என் மைத்துனனை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். “உனக்காக என்ன வேணும்னாலும் செய்யுதேன், வண்டிய அவன் கையில குடுக்க மட்டும் சொல்லாத” என்றார்.

சாயங்காலம் அவன் போன் செய்தான்.

“சொன்னீங்களா அத்தான்?”

“சொல்லிட்டேன்.”

“எல்லாரும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க.”

“என்ன சொன்னாங்க?” என்று ஆவலாகக் கேட்டான். எனக்குப் பெரிய மனசு என்று சொன்னார்கள் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?