தலைவரைச் சுமந்த டாங்கி

லிப்ட்காரரின் தொழில் சத்தத்தை ஒழிப்பது. காலை எட்டு மணிக்குக் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாரானால், சாயங்காலம் வரை ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியிலோ குழியிலோ உட்கார்ந்து கிரீச், கடகட, டொக் ஆகிய மூன்று எதிரிகளைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருப்பார். ஏறினவருக்குத் தான் ஏறியதே தெரியக் கூடாது, அதுதான் நல்ல லிப்ட் என்பது அவர் சித்தாந்தம். கிளம்பும்போது வயிறு கீழ்த்தளத்தில் தங்கிவிடக் கூடாது. நிற்கும்போது முழங்கால் மடங்கக் கூடாது. லிப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு தீக்குச்சி கனம்கூட ஏற்றத்தாழ்வில்லாமல் சேர வேண்டும். முப்பது வருடமாக அவர் பயணிகளின் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் செருப்புக்குக் கீழே இருக்கும் அந்த இடுக்கைத்தான் பார்த்திருக்கிறார்.

இதே மனிதர் வீடு திரும்பி, முகம் கழுவி, தேநீர் குடித்துவிட்டு, கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கிப் போய்ச் செய்கிற வேலை, சத்தத்தை உண்டாக்குவது.

அங்கே, யாருக்கும் பயன்படாத பழைய ஜெனரேட்டர் அறையில், ஒரு டாங்கி நின்றது. நிஜ டாங்கியில் நாலில் ஒரு பங்கு. நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், எடை நூற்று நாற்பது கிலோ, ரிமோட்டில் ஓடுவது. அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அவர் திருத்த மாட்டார். ஆனால் சொன்னவர் பக்கம் பிஸ்கட் தட்டு அப்புறம் நகராது. ராணுவத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. தொலைக்காட்சியில் போர்ச் செய்தி வந்தால் சேனலை மாற்றிவிடுவார். குளியலறைக் கரப்பான் பூச்சியை அடிக்க மனைவியைத்தான் கூப்பிடுவார்.

டாங்கியின் வயிற்றுக்குள் இருந்தவை இரண்டு சக்கர நாற்காலி மோட்டார்கள். நோயாளி அலுங்காமல் போவதற்காகச் செய்யப்பட்ட, உலகத்திலேயே சாதுவான மோட்டார்கள். இந்தச் சாதுக்களை முரடர்களாகக் காட்டத்தான் ஆறு வருடம். பதிவு செய்த டீசல் என்ஜின் சத்தத்துக்குத் தரையைப் பார்த்த இரண்டு ஒலிபெருக்கிகள். நின்ற இடத்தில் உடம்பு நடுங்க, ஒரு பக்கம் கனம் வைத்துச் சுற்றும் குட்டி மோட்டார். எண்ணெயைச் சூடாக்கிப் புகையாக்கும் ஒரு டப்பா, அதை வெளியே தள்ள ஒரு விசிறி. சுட்டால் குழாய் பின்னால் உதைத்து, மெல்ல முன்னால் வந்து சேர ஒரு விசை. எல்லாவற்றையும்விட அவர் பெருமைப்பட்டது கிளம்புகிற அழகுக்கு. பழைய டீசல் என்ஜின் குளிர்காலைக் காற்றில் ஒரே அடியில் கிளம்பாது. ஆகவே இதுவும் கிளம்பாது. பொத்தானை அழுத்தினால் ஓர் இருமல், பிறகு மௌனம். இன்னொரு நீண்ட இருமல், மறுபடி மௌனம். மூன்றாவது தடவைதான் குப்பென்று புகை கக்கி உறுமும். ஒழுங்காகக் கிளம்பக்கூடிய ஒரு வண்டியை ஒழுங்காகக் கிளம்பாமல் செய்ய ஏழு மாதம் பிடித்தது அவருக்கு.

இந்தத் திருப்பணியில் கூட்டாளி, மனைவியின் தம்பி. கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருந்தான். வாரத்தில் ஆறு நாள் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்குவான். ஏழாம் நாள் டாங்கியின் மேல் பஞ்சால் தொட்டுத் தொட்டுத் துரு வரைவான். வாய் மட்டும் ஏழு நாளும் ஓயாது.

“அக்கா, இந்தத் துருவை வந்து பாரு. நேத்து மழையில நனைஞ்ச மாதிரி இல்ல?”

“உன் பட்டறைக்கு ஒரு கார் இப்படித் துருவோட வந்தா என்ன பண்ணுவ?”

“தேச்சு எடுத்துருவேன்.”

“இங்க?”

“இங்க அது அழியாம இருக்க மேல வார்னிஷ் அடிப்பேன்.”

“நல்ல குடும்பம்” என்றாள் அக்கா. அவள் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிற வேலையில் இருந்தாள். “நாள் பூரா ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கேட்டுட்டு வீட்டுக்கு வர்றேன். இங்க நாலாம் மாடி வரைக்கும் கேக்குது.”

நாலாம் மாடி வரை கேட்டது பிரச்சினையில்லை, அது அவர்கள் வீடுதான். மூன்றாம் மாடி வரை புகைந்ததுதான் பிரச்சினை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புது விசிறியைப் பரிசோதிக்கும்போது, லிப்ட்காரர் அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார். லிப்ட் ஓடும் கிணறு ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்யும் என்பதை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தே சொல்லியிருக்கிறார். சொன்னவருக்கே மறந்துபோயிற்று. மூன்றாம் மாடி அம்மா காய்கறிப் பையோடு லிப்டுக்குப் பொத்தான் அழுத்தினார். கதவு திறந்தது. உள்ளேயிருந்து முதலில் இறங்கியது புகை.

அந்த அம்மா கெட்டிக்காரர். அலறவில்லை. சுவரில் ஒட்டியிருந்த லிப்ட் கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தார். கம்பெனியில் அந்த வட்டாரத்துக்கு யார் என்று பார்த்ததில், அடித்தளத்தில் டாங்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த லிப்ட்காரருக்கே போன் வந்தது.

“உங்க பில்டிங்லயே லிப்ட்ல புகையாம் சார். எவ்வளவு நேரத்துல போக முடியும்?”

“ரெண்டு நிமிஷத்துல” என்றார். புகையை நிறுத்தினார், கருவிப் பையை மாட்டினார், மேலே போனார், எல்லாத் தளத்திலும் பார்த்தார், “லிப்டில் புகை கிளப்பும் குறை எதுவும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லாத அறிக்கை.

“அப்ப புகை எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார் மூன்றாம் மாடி அம்மா. “உங்க சட்டையிலயும் அதே வாசனை வருதே?”

விஷயம் குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் போயிற்று. தலைவர், எடை அளவு சோதனைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசில் வைக்காத எதையும் நம்பாதவர். முழங்கால் வலியைத் தவிர அவரிடம் கணக்கில்லாத பொருள் ஒன்றும் இல்லை. கோப்பைத் திறந்துகொண்டு கேட்டார்:

“எடை என்ன?”

“நூத்தி நாப்பது கிலோ.”

“சுமாராவா, சரியாவா?”

“நூத்தி நாப்பத்தொண்ணே கால்.”

தலைவர் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. ஆனால் அறையைச் சைக்கிள் நிறுத்தக் கேட்டுப் பதினோரு குடும்பம் எழுதிக் கொடுத்திருந்தது. அவர் தீர்ப்புச் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு, கார் நிறுத்துற இடத்துல எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டுங்க. ஆபத்தில்லைன்னு ஜனங்களுக்குப் பட்டா அறை உங்களுக்கு. இல்லேன்னா சைக்கிளுக்கு.”

சைக்கிளுக்குப் போனால் டாங்கிக்குப் போக்கிடம் கிடையாது. வீட்டுக்கு ஏற்ற முடியாது. லிப்டின் உள்ளளவு நாலு விரற்கடை குறைவு. அதை அவர் என்றைக்கோ அளந்துவிட்டார். பிரிக்க வேண்டியதுதான். எத்தனையோ லிப்டை அக்கக்காகப் பிரித்துச் சேர்த்தவருக்கு, இதைப் பிரித்தால் சேர்க்க மனம் வராது என்பது தெரிந்திருந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி கவனித்தாள்.

“இங்க பாருங்க. அவங்களுக்குப் பயமே சத்தமும் புகையும்தானே? ரெண்டையும் அணைச்சிடுங்க. பூனை மாதிரி போயிட்டுப் பூனை மாதிரி வரட்டும். யாரு என்ன சொல்லுவாங்க?”

நியாயமாகத்தான் பட்டது. சனிக்கிழமை பூராவும் அவர் உட்கார்ந்து ஆறு வருட வேலையை ஒவ்வொன்றாக அணைத்தார். சத்தம், நடுக்கம், புகை, உதை. சங்கிலிப் பட்டைக்கு அடியில் ரப்பர் ஒட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை பழகிய கை. டாங்கி கனமாகத் தெரிவதற்காகக் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வைத்திருந்த குலுக்கல் கண்ணில் பட்டது. அதையும் எடுத்துவிட்டு, மோட்டாருக்குத் தன் தொழிலில் உள்ள அத்தனை மெதுவையும் ஊட்டினார். ஒரு முதல்தரமான லிப்ட் கிளம்புகிற மாதிரி கிளம்பும், நிற்கிற மாதிரி நிற்கும்.

ஓட்டிப் பார்த்தபோது மச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. “அத்தான், இது டாங்கி இல்ல. ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்.”

“நாளைக்கு நீ வாயே திறக்கக் கூடாது” என்றாள் அக்கா. “உன் வாயாலதான் பாதிப் பேருக்கு நம்ம மேல கோவம். என்ன நடந்தாலும் சரி, மூச்.”

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் கூடினார்கள். வழவழப்பான சிமென்ட் தரையின் ஒரு கோடியில் டாங்கி நின்றது. இருபதடி தள்ளி, லிப்ட் கதவுக்கு முன்னால், அது நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு. தலைவர் கோப்போடு வந்தார்.

“நான் பேசிட்டிருக்கும்போதே நீங்க வண்டியை எடுங்க. நேரம் மிச்சம்” என்று லிப்ட்காரரிடம் சொல்லிவிட்டு, ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். இரண்டு வாக்கியம் பேசினார். முழங்கால் வலித்தது. பின்னால் டாங்கியின் பின்பக்கத் தட்டு, பெஞ்சு உயரத்தில், வாகாக இருந்தது. கிளம்பினால்தான் சத்தம் கேட்குமே, எழுந்துகொண்டால் போயிற்று என்று உட்கார்ந்துகொண்டார். எந்தச் சத்தத்தை விசாரிக்க வந்தாரோ அதை நம்பியே உட்கார்ந்தார்.

லிப்ட்காரர் இதைப் பார்க்கவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கன்னம் தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, சங்கிலிப் பட்டைக்கும் தரைக்கும் இடையே உள்ள இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ரிமோட்டில் கட்டை விரலை ஒரு நூல் முன்னால் தள்ளினார்.

டாங்கி கிளம்பியது. தலைவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், எதிரே நின்ற ஜனங்கள் மெல்லப் பின்வாங்குவதுதான்.

“இந்தச் சாதனத்தை நான் நேர்ல பரிசோதிச்சதுல... ஏன் எல்லாரும் தள்ளிப் போறீங்க? பயப்படாம கிட்ட வாங்க!”

ஜனங்கள் கிட்ட வந்தார்கள். தலைவர் இன்னும் தள்ளிப் போனார்.

“சொல்றேன்ல? கிட்ட வாங்கன்னா!”

முப்பது பேரும் அவர் பின்னால் நடந்தார்கள். பார்க்க ஏதோ ஊர்வலம் போல இருந்தது. மச்சான் எல்லாவற்றையும் பார்த்தான். அக்கா முகத்தைப் பார்த்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டான். வாழ்க்கையில் அவன் அக்கா சொல்லைக் காப்பாற்றிய ஒரே நாள் அது.

சங்கிலிப் பட்டை கோட்டைத் தொட்டது. முழங்கால் மடங்காத, வயிறு குலுங்காத ஒரு நிறுத்தல். “ஒரு தீக்குச்சி கூட இல்ல” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு லிப்ட்காரர் நிமிர்ந்தார். அவர் மூக்குக்கு நேரே பீரங்கிக் குழாயும், குழாய்க்குப் பின்னால் தலைவரின் முதுகும் இருந்தன.

தலைவர் இறங்கினார். இடது பக்கம் பார்த்தார், லிப்ட் கதவு. வலது பக்கம் பார்த்தார். அங்கே இருக்க வேண்டிய தூண் இல்லை.

“நான் எங்க உக்காந்தேன்?”

“அங்க சார்” என்று மூன்றாம் மாடி அம்மாதான் இருபதடி தூரத்தைக் காட்டினார்.

லிப்ட்காரர் ரிமோட்டைக் கீழே வைத்தார். போச்சு, அறை போச்சு என்று மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

தலைவர் கோபப்படவில்லை. நடந்தே போய் இருபதடியை அளந்தார். திரும்பி வந்து கோப்பில் எழுதினார். பிறகு சொன்னார்: “யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேம்பாங்க. இங்க யானையே நம்மளைத் தூக்கிட்டுப் போயிருக்கு, மணியைக் காணோம். ஏன்யா, வண்டி எடுக்கறோம்னு ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா?”

“சத்தம் கூடாதுன்னுதானே சார்...”

“யார் சொன்னது?” என்று மூன்றாம் மாடி அம்மா முன்னால் வந்தார். “புகைதான் வேண்டாம்னு சொன்னேன். அதுவும் லிப்டுக்குள்ள. குழந்தைங்க ஓடற இடத்துல இப்படிப் பூனை மாதிரி வந்தா என்ன அர்த்தம்? சத்தம் இருக்குல்ல உங்ககிட்ட, போடுங்க.”

லிப்ட்காரர் தயங்கித் தயங்கி, நேற்று அணைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாக உயிர்ப்பித்தார். லிப்ட் கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். ஓர் இருமல். மௌனம். நீண்ட இருமல். மௌனம்.

“ரிப்பேர் போல” என்று யாரோ அனுதாபப்பட்டார்கள்.

மூன்றாவது தரம் குப்பென்று கக்கி, உறுமி, உடம்பெல்லாம் நடுங்கியது. முப்பது பேரும் யாரும் சொல்லாமலே இரண்டடி பின்னால் போனார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் தலைவர், தானே கண்டுபிடித்தவர் மாதிரி. “தானா ஒதுங்கறாங்க. இதுதான் பாதுகாப்பு.”

தீர்மானம் அன்றைக்கே எழுதப்பட்டது. அறை டாங்கிக்கே, புகை வாசலுக்கு வெளியே மட்டும், சத்தமில்லாமல் வண்டியை ஓர் அடிகூட நகர்த்தக் கூடாது. சைக்கிள்காரர்கள் பதினோரு பேரில் ஒன்பது பேர் கை தூக்கினார்கள், மீதி இரண்டு பேர் ஒலிபெருக்கி எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடி அம்மா மட்டும் கையைப் பாதி தூக்கி நிறுத்தினார்.

“எனக்கு ஒரு நிபந்தனை. தலைவர் உக்காந்து இருபதடி போயிருக்கார், அவருக்கே தெரியல. நம்ம லிப்ட் என் மாடியில நிக்கும்போது தினமும் டொக்குன்னு ஒரு குதி குதிக்குது. ரெண்டும் ஒரே ஆளோட கைதானே? பீரங்கிக்குப் போட்ட மெதுவை மூணாம் மாடிக்கும் போடுங்க, கையை முழுசாத் தூக்கறேன்.”

அந்த டொக் லிப்ட்காரருக்குத் தெரியும். ஊரிலுள்ள டொக்கையெல்லாம் தேடிப் போகிறவருக்கு, வீட்டு டொக் மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஆறு வருடம் ஆகியிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் அடித்தளத்துக்குப் போகவில்லை. கருவிப் பையோடு லிப்ட் கிணற்றுக்குள் இறங்கினார். மேலே மூன்றாம் மாடியில் மனைவி லிப்டுக்குள் நின்றுகொண்டாள்.

“இப்ப கேக்குதா?” என்று கீழேயிருந்து கத்தினார்.

“நீங்க கத்தறதுதான் கேக்குது” என்றாள் மேலேயிருந்து.