கடலடி உருண்டையைத் தட்டியவர்

மலேசியாவின் கிள்ளானில் நான் ஸ்டோர் பொறுப்பு பார்த்த யார்டில் வீடளவு கான்கிரீட் உருண்டைகள் செய்தோம். கடலடியில் வைத்து, மின்சாரம் மிஞ்சும்போது உள்ளிருக்கும் நீரை வெளியேற்றுவார்கள்; தேவைப்படும்போது கடலை உள்ளே விட்டு டர்பைனைச் சுழற்றுவார்கள். சோதிக்க வந்த ஒல்லி மனிதர் முன்பு கடலில் மூழ்கி வேலை செய்த டைவர். எதையும் விரல்முட்டியால் தட்டிக் காது வைப்பார். ஓர் உருண்டையைத் தட்டியதும் அவர் முகம் மாறியது.

"உள்ள வெடிப்பு இருக்கு."

"பெயிண்ட் அடிச்சாச்சுலா அங்கிள், சைன் பண்ணுங்க," என்றார் மேனேஜர்.

"காலியா இருக்கிறப்ப உடைஞ்சா, பக்கத்துல நிக்கிற டைவரைத் தண்ணி இழுத்துக் கொன்னுடும். நீ இறங்குறியா?"

"எனக்கு நீச்சலே தெரியாது அங்கிள்!"

அவர் ஃபாரத்தைக் கிழித்தெறிந்துவிட்டுப் போனார். மறுநாள் சோதிக்க வந்த வேறொருவர் கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். வாய் திறக்காமல் எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த ஒல்லி மனிதருக்கு அன்றே வந்த கோபம் எனக்கு இப்போதுதான் வருகிறது, என் மேலேயே.