இரண்டு இஞ்ச் பொய்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் பெல்கிரேவ் ரோட்டுக்குப் பின்சந்தில், ஒரு மாடியில் தையல் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரி தர்லிகாபென்னுக்கு இருபத்தெட்டு வருஷமாகப் போஜனம் போட்டதே ஒரு பொய்தான். வந்தவள் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போடுவாள். டேப்பு முப்பத்தாறு காட்டும். வாய் "முப்பத்திநாலு" என்று சொல்லும். கை மட்டும் நோட்டில் முப்பத்தாறு என்று எழுதிக்கொள்ளும். பாவாடை கச்சிதமாக நிற்கும், உடுத்தியவளுக்கு மனசும் குளிரும். உகாண்டாவிலிருந்து இந்தியர்களையெல்லாம் விரட்டியபோது எட்டு வயதில் ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவள். யாரையும் நோகடிக்காமல் பிழைக்கக் கற்றிருந்தாள்.

ஒரு நாள் முகுந்த்பாய் மாடியேறி வந்தார். குஜராத்திகளுக்குப் பெண்ணென்றால் பென், ஆணென்றால் பாய்; அக்கா, அண்ணன் மாதிரி. மருந்துக்கடை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் இந்திய ஆட்களுக்குச் சர்க்கரையும் நெஞ்சுவலியும் மற்றவர்களை முந்திக்கொண்டு வருகிறதே என்று ஒரு சங்கம் நடத்துகிறார். கோயில் வாசலில் அவர் கொடுக்கும் காகிதத்தில் ஜனங்கள் கையில் ஒட்டிய ஜிலேபிப் பாகைத் துடைப்பார்கள்.

"உங்க சுவத்துல ஒண்ணு ஒட்டிக்கட்டுமா, பென்?"

அவள் வாங்கிப் படித்தாள். "இதென்ன பாய், வெள்ளைக்காரிக்கு முப்பத்திநாலரை இஞ்ச் வரைக்கும் விட்டு வெச்சிருக்கீங்க, நமக்கு முப்பத்தொன்னரைதானா? இடுப்புலயும் நமக்குக் குறைச்சலா?"

"நம்ம உடம்புவாகு அப்படி. பார்க்க ஒல்லியா இருப்போம், கொழுப்பு வயித்துக்குள்ள போய் உக்காந்திருக்கும். அப்புறம் சர்க்கரை, அப்புறம் நெஞ்சு."

அவர் போனதும் நோட்டைப் பிரித்தாள். நூற்றுநாற்பது பேரில் முப்பத்தொன்றரைக்குள் இருந்தவர்கள் பத்தொன்பது பேர். வருஷாவருஷம் நவராத்திரி ஆட்டத்துக்குப் பாவாடை தைத்ததால், யாருக்கு எந்த நவராத்திரிக்கு எவ்வளவு ஏறியது என்று வருஷவாரியாக இருந்தது. இவ்வளவு விவரம் எந்த டாக்டரிடமும் இருக்காது. ஜசுமதி பேரில் விரல் நின்றது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. முப்பத்திரண்டில் ஆரம்பித்து முப்பத்தொன்பது. கொஞ்ச நாளாகக் கடைக்கு வந்தாலே மூன்று டம்ளர் தண்ணீர் கேட்கிறாள். முகுந்த்பாயின் காகிதத்தைத் தர்லிகா இன்னொரு தடவை படித்தாள்.

ஜசுமதி நவராத்திரிப் பாவாடைத் துணியோடு வந்தபோது பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

"முப்பத்தொன்பது," என்றாள் தர்லிகா.

"போன தடவை முப்பத்தேழுன்னியேடி. டேப்பு சுருங்கிப்போச்சா?"

"டேப்பு சரியாத்தான் இருக்கு. என் வாய்தான் சுருக்கிச் சொல்லிச்சு, எப்பவுமே. நீ போய் ரத்தம் குடுத்துப் பாரு, ஜசு."

பெஞ்சில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். ஜசுமதி துணியைச் சுருட்டிக்கொண்டாள். "ஊர்ல வேற தையக்காரி இல்லையா என்ன!"

மூன்று வாரம் தர்லிகாவின் போனை எடுக்கவில்லை. தர்லிகா ஒரு முடிவோடு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நிஜ இஞ்சைச் சொன்னாள், கையில் முகுந்த்பாயின் சீட்டையும் திணித்தாள். முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனாலும் அறுபது பேர் முகுந்த்பாயின் சங்கத்துக்குப் போய் ரத்தம் பார்க்க விரலை நீட்டினார்கள்.

"நாலு வருஷமா என் காகிதம் செய்யாததை உங்க டேப்பு மூணு வாரத்துல செஞ்சிடுச்சு," என்று முகுந்த்பாய் அவளைச் சங்கத்தில் சேர்த்து, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்தார். அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் படியில் காலடி கேட்கும்போதெல்லாம் ஜசுவோ என்று எட்டிப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் ஜசுமதியே வந்தாள். மூச்சு வாங்கியது.

"சர்க்கரை இருக்காம். மாத்திரை குடுத்திருக்காங்க. கண்ணு, கிட்னி எல்லாம் தப்பிச்சுதாம். முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அப்பவே கோவிச்சுட்டுப் போயிருப்பே."

"போயிருப்பேன். திரும்பி வந்திருக்க மாட்டேனா?"

தர்லிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜசுமதி அதைக் கண்டுகொள்ளவில்லை. தோழியின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினாள். "நில்லு. உன்னை யாருடி அளந்தா?"

யாரும் அளந்ததில்லை. பழைய பாவாடையைப் பார்த்து, தையலை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பிரித்துவிட்டுத் தைத்துக்கொள்வதுதான் அவள் வழக்கம். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜசுமதி சுற்றிப் பிடித்தாள், பார்த்தாள். "முப்பத்திமூணு," என்றாள் கனிவாக.

தர்லிகாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பரவாயில்லையே என்றுகூட நினைத்தாள். அப்புறம்தான் அந்தக் குரலை எங்கோ கேட்டது போலிருந்தது. தன் குரல். குனிந்து பார்த்தாள். டேப்பு முப்பத்தைந்து காட்டியது.

"கேக்க நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள் ஜசுமதி. "இப்படித்தான்டி எனக்கும் இருந்துச்சு."

தர்லிகா நோட்டில் புதுப் பக்கம் புரட்டித் தன் பேரை எழுதி, பக்கத்தில் முப்பத்தைந்து என்று போட்டாள். ஜசுமதி அவள் கையைப் பிடித்து, ரத்தம் பார்க்க முகுந்த்பாயின் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நவராத்திரிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, தைக்க வேண்டியது மலையாகக் கிடக்க, தர்லிகாபென் பட்டப்பகலில் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை.