மாவுப்பூச்சியும் வாசல் கோலமும்

நேற்று மாமல்லபுரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, கடையோரச் செம்பருத்தியின் இலையொன்றை என் கை தானாகப் புரட்டியது. இது ஒரு வியாதி. எந்தச் செடியையும் நம்ப மாட்டேன்; கல்யாண மண்டபத்து வாழை இலையைக்கூட அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நேற்றும் கொழுந்தில் வெள்ளைப் பஞ்சு. உடனே ராணியக்கா நினைவுக்கு வந்துவிட்டார்.

அப்போது தோட்டக்கலை படித்த கையோடு எனக்கு நாவலூர் அடுக்ககம் ஒன்றில் செடிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாசலில் நீளமான செம்பருத்தி வேலி. அதன் கொழுந்தெல்லாம் சுருண்டு வெள்ளை பூத்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் "என்னப்பா இது?" என்றார். படித்த மிடுக்கில் "மாவுப்பூச்சி சார்" என்றேன். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

அங்கே பெருக்குகிறவர் ராணியக்கா. தினமும் வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவார். கீழே வெள்ளை, மேலே வெள்ளை, நடுவில் எறும்பு வரிசை. செயலாளர் துப்புத் துலக்கிவிட்டார். "அந்தம்மா மாவுலேர்ந்துதான் பூச்சி வருது. மாசக் கடைசியோட நிறுத்திடலாம்." கோலத்தை அல்ல, ராணியக்காவை.

"இன்னா தம்பி, இட்லி மாவு அரைக்கிற வூட்லல்லாம் பூச்சி மேஞ்சுகினா கீது?" என்றார் அக்கா. சிரிக்கவில்லை. அந்தப் பூச்சிக்குப் பேர் வைத்தவனே நான்தான் என்பதுபோல் பார்த்தார்.

எறும்புகளின் பின்னால் போனேன். அவை கோலத்தைத் தாண்டி, வேலிக்குள் செருகியிருந்த புதுச் செம்பருத்தித் தொட்டி ஒன்றில் ஏறின. அங்கேதான் வெள்ளை அப்பிக்கிடந்தது. யார் வைத்த தொட்டி என்று காவலாளியைக் கேட்டேன்.

"செக்ரட்டரி சார் நர்சரிலேர்ந்து வாங்கியாந்தாரு. அவர் வூட்ல வெயிலு இல்லியாம்."

செயலாளரையே அழைத்துவந்து, அந்த வெள்ளையை விரலால் நசுக்கினேன். சிவப்பாகக் கசிந்தது. "மாவு ரத்தம் விடுமா சார்?" அவர் தொட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். ராத்திரியோடு ராத்திரியாக நானே பூச்சியைத் தூவியிருப்பேனோ என்று ஒரு கணக்கு அவருக்குள் ஓடியிருக்க வேண்டும். ஆனால் அக்காவை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது.

சுருண்ட கொழுந்துகளை வெட்டிச் சாக்கில் கட்டி அகற்றினோம். சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து இலையின் அடியில் படும்படி அடித்தேன். வேலி துளிர்த்தது. சங்கத்துக்குத்தான் செடிமேல் நம்பிக்கை துளிர்க்கவே இல்லை.

அண்மையில் அந்தப் பக்கம் போனேன். வேலி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் இலைச் சுவர். கோலம் இருந்த இடத்தில் ஸ்டிக்கர். ராணியக்கா ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் ஒன்றைப் புரட்டினேன்.

"இன்னா தேடுறே தம்பி? இதுல எறும்புகூட ஏற மாட்டேங்குது."