பெட்டிக்குப் போடும் முடிச்சு

என் கணவருக்கு நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தில், கடல் தெரிகிற தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். கடலில் கால் நனைத்ததோடு சரி. எனக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் ஆற்றுக்குப் போகத் தொடங்கிய கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் தொடங்குவேன். பாதியில் குரல் ஒரு மாதிரிப் போய்விடும். அதனால் இப்போது யாருக்கும் சொல்வதில்லை, எழுதிப் பார்க்கிறேன்.

இங்கே மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம் அவர் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த தொழிற்சாலையை ஒரு நவம்பரில் மூடினார்கள். ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கிறது. அடுத்த நாள் காலையில் அதில் போய் இருந்தவர், பிறகு எழும்பவே இல்லை என்று சொல்லலாம். முதல் மாதம் ஓய்வு என்றார். இரண்டாம் மாதம் முதுகு நோ என்றார். அதற்குப் பிறகு காரணமும் சொல்லவில்லை. ரொறன்ரோவில் இருந்து மகள் எடுத்தால் இரண்டு "ஓம்" சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டுவார். மருத்துவர் குளிசை கொடுத்தார். குளிசையைப் போட்டுக்கொண்டு அதே கதிரையில் இருந்தார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது ஊரறிந்தது. முப்பத்தொரு வருடமாக நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்லுவார், அப்படித்தான் எங்கள் வீடு ஓடியது. இப்போது நான் என்ன ஏசினாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இந்த மனிதர் எனக்குத் திரும்பக் கிடைப்பாரா என்று சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன்.

ஜூன் மாதம், அவரோடு வேலை செய்த ஒரு கியூபெக்காரர் வந்தார். ஓய்வு பெற்று, தூரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிபோகிறவர். கராஜைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததாம், ஒரு பெரிய பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். உள்ளே காற்றடிக்கிற ரியூப் ஒன்று. மிதக்கிற கதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கை வைக்கக் கொழுத்த ரியூப், நடுவில் இருப்பதற்கு ஒரு சீட். மார்பு வரைக்கும் வரும் ரப்பர்க் காற்சட்டையைப் போட்டு, பாதங்களில் தாராவின் கால் மாதிரி இரண்டு துடுப்புகளை மாட்டிக்கொண்டு, அதில் இருந்து காலை அடித்தால் நகரும். அதுவும் பின்பக்கமாகத்தான். போகிற இடம் தெரியாது, விட்டு வந்த கரைதான் கண்ணுக்கு முன்னால் இருக்கும். கை இரண்டும் தூண்டிலுக்கு.

அந்த மனிதர் இவரை இரண்டு தரம் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். இரண்டாம் தரம் இவர் ஒரு ரெயின்போ ட்ரவுட் மீனோடு திரும்பி வந்தார். வெள்ளி உடம்பு, தலையில் இருந்து வால் வரைக்கும் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. மீன் குழம்புக்கு அது சரிவராது, சதை மெத்தென்று உடைந்துவிடும். பொரித்தேன். "உப்புக் கூடிப்போச்சு" என்றார். ஏழு மாதத்தில் அவர் சொன்ன முதல் குறை. எனக்குத் தாலி கட்டின நாளில் கூட அவ்வளவு சந்தோசம் இருக்கவில்லை.

கியூபெக்காரர் போன பிறகு கரையில் நிற்கிற வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசித்த பிறகுதான் ஓட்டுவார்கள். ரியூப் மட்டும் என்ன பாவம் செய்தது? காற்றடித்துக் கோயில் வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

ஐயர் அதைச் சுற்றிப் பார்த்தார். "இதுக்குச் சில்லு எங்கை?"

"இது தண்ணியிலை ஓடுறது ஐயா."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் சந்தனமும் குங்குமமும் வைத்துத் தீபம் காட்டினார். தேசிக்காயைக் கீழே வைத்து, இவரை மேலே இருக்கச் சொன்னார். இவர் இருந்தார். தேசிக்காய் நசியவில்லை. வழுக்கி உருண்டு பக்கத்துக் காருக்கு அடியில் போய்விட்டது. ஐயர் சிரித்தார், இவரும் சிரித்தார். எனக்கு அந்தச் சகுனம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே கயிறு வாங்கினேன்.

என் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வருடமாக ஊருக்குக் கப்பலில் பெட்டி அனுப்புகிறேன். பால்மா, சவர்க்காரம், சப்பாத்து, பிள்ளைகளின் உடுப்பு. பெட்டியை மூடி நாலு பக்கமும் நைலோன் கயிற்றால் வரிந்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஐந்து போடுவேன். வழியில் எந்தத் துறைமுகத்தில் எவன் கை வைத்தாலும் அவிழாது. "அக்கா, உன்ரை முடிச்சை வெட்டத்தான் வேணும், அவிழ்க்கேலாது" என்று ஊரில் இருந்து தங்கை ஒவ்வொரு தரமும் சொல்லுவாள். எனக்கு அதில் பெரிய பெருமை.

ஆற்றங்கரையில் நான் கயிற்றை எடுத்ததும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"கயிறு கட்டக்கூடாதெண்டு அந்தக் கியூபெக்காரன் சொன்னவன். ஓடுற தண்ணியிலை கட்டினால் ஆபத்தாம்."

"அவருக்கு நீந்தத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ?"

"லைஃப் ஜாக்கெட் போடுறன்தானே."

"போடுங்கோ. கயிறையும் கட்டுங்கோ."

"நான் என்ன ஆடோ?"

"ஆடெண்டால் எனக்கு இவ்வளவு கரைச்சல் இல்லை."

சிரித்துவிட்டார். பழைய சிரிப்பு. ஒரு முனையைக் கரையில் நின்ற மேப்பிள் மரத்தில் கட்டினேன். மற்ற முனையை ரியூபின் கைப்பக்கத்து வளையத்தில். இரண்டிலும் ஐந்து முடிச்சு. அவர் துடுப்புகளை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து தண்ணீருக்குள் இறங்கினார். முகம் என்னைப் பார்த்தபடி, புதுச் சப்பாத்துப் போட்ட பிள்ளை மாதிரி.

மூன்று சனிக்கிழமை அப்படிப் போனது. அந்த இடத்தில் ஆறு அசையாத மாதிரி இருக்கும். கயிறு தண்ணீரில் தளர்ந்து கிடக்கும். அவர் எறிவதும் இழுப்பதுமாக இருப்பார். நான் மடக்குக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, "அங்காலை எறியுங்கோ, அங்கை ஒண்டு துள்ளினது" என்று மேற்பார்வை செய்வேன். "நீர் வந்து பிடியுமன்" என்பார். வீடு பழையபடி சத்தமாகிவிட்டது. இதெல்லாம் என் கயிற்றால் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது சனிக்கு முன் இரண்டு நாள் மழை. ஆறு பார்க்க அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் தேத்தண்ணி நிறம், அவ்வளவுதான். பத்து மணி போல தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. நல்ல பெரிசு. தண்ணீருக்கு மேல் ஒரு தரம் எழும்பி விழுந்தது, ரோஸ் கோடு எனக்கே தெரிந்தது. அது நடு ஆற்றுக்கு ஓட, அவரும் சந்தோசத்தில் காலை அடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் போனார். நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. கயிறு முழுவதும் நீண்டு, தண்ணீரை விட்டு எழும்பி, விறைத்து நின்றது.

ஆறு ரியூபை ஓட்டத்தின் பக்கம் தள்ளியது. கயிறு விடவில்லை. கயிறு கட்டிய பக்கம் தண்ணீருக்குள் தாழத் தொடங்கியது. தண்ணீர் அவருடைய மடிக்கு ஏறி, மார்புக்கு ஏறியது. நான் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க இன்னும் தாழ்ந்தது.

"இழுக்காதையும்! விடும்! கயித்தை விடும்!"

நான் விட்டால் என்ன, மரம் பிடித்துக்கொண்டு நின்றது. மரத்துக்கு ஓடினேன். என் முடிச்சு. ஈரத்தில் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. நகத்தால் தோண்டினேன். இரண்டு நகம் போனது. பையைக் கொட்டினேன். புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், வாழைப்பழம், பிளாஸ்ரிக் கரண்டி. கத்தி காருக்குள். கார்த் திறப்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள், அந்த ரப்பருக்கும் உள்ளே, ஆற்று நடுவில்.

"அவிழடி!" என்று கத்தினார். முப்பத்தொரு வருடத்தில் அவர் என்னை "டி" போட்டது அந்த ஒரு தரம்தான்.

பல்லால் கடித்தேன். முன் பல்லில் ஒரு துண்டு உடைந்து வாய்க்குள் வந்தது. கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்க் கரையில் தூண்டிலோடு நின்ற ஒரு மனிதர் பிரெஞ்சில் கத்தினார். என் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்ப் படித்தது. பால் வாங்கலாம், பஸ் கேட்கலாம், எங்கே நோகிறது என்று மருத்துவரிடம் சொல்லலாம். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆனால் கையால் வெட்டிக் காட்டினார், அது விளங்கியது. எல்லாம் விளங்கியது. கியூபெக்காரர் சொன்னதும் அப்போதுதான் விளங்கியது. செய்வதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. முருகா முருகா என்று அந்த முடிச்சைக் கையால் அடித்துக்கொண்டு நின்றேன்.

அவருடைய நெஞ்சில் ஒரு நகவெட்டி தொங்கும். தூண்டில் நரம்பை நறுக்குவதற்கு. தூண்டிலை ஆற்றில் விட்டுவிட்டு, அந்த நகவெட்டியால் கயிற்றை வெட்டத் தொடங்கினார். நூல் நூலாக. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. நாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கையைப் பார்க்காமல், என்னையே பார்த்துக்கொண்டு நறுக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கட்டிய கயிற்றை அவர் நகவெட்டியால் அறுப்பதை நின்று பார்ப்பதுதான் அன்றைக்கு என்னால் முடிந்தது.

கயிறு அறுந்ததும் ரியூப் ஒரு துள்ளுத் துள்ளி நிமிர்ந்து, அவரைக் கொண்டுபோனது. முகம் என் பக்கமாகவே போனார். வளைவு வந்தது. பிறகு வெறும் ஆறு.

கரையால் ஓடினேன். வேலி வந்தது, தனியார் காணி என்ற பலகை வந்தது, எல்லாவற்றையும் ஏறிக் குதித்தேன். என் வயதில் என் உடம்பை வைத்துக்கொண்டு எப்படிக் குதித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. வளைவுக்கு அப்பால் ஆறு அகன்று, கூழாங்கல் திட்டாகிக் கிடந்தது. அதில் ரியூபோடு தட்டி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் துடுப்பு இல்லை. உதடு நீலமாக நடுங்கியது. நான் ஏசவும் இல்லை, அழவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காரில் சூட்டைப் போட்டுவிட்டுப் புட்டைச் சாப்பிட்டோம். "பல்லுக்கு என்ன?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை" என்றேன். மொன்றியலுக்கு வந்து சேரும் வரைக்கும் அதுதான் கதைத்தது.

அடுத்த நாள் காலையில் ஜன்னல் கதிரையில் போய் இருந்தார்.

ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஐந்து கிழமை. உப்புக் கூடினாலும் சாப்பிட்டார், உப்பே போடாவிட்டாலும் சாப்பிட்டார். போட்டும் போடாமலும் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆறு அவரை என்னிடம் திருப்பித் தந்தது. அதைக் கயிறு கட்டிக் கெடுத்தவள் நான். ஒரு வார்த்தை அப்படிச் சொல்லி என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை.

செப்டம்பரில் ஒரு சனி காலை நானே ரியூபைக் காரில் ஏற்றினேன். புதுத் தூண்டில், புதுத் துடுப்பு எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். மரத்தில் இருந்து அன்றைக்கே கத்தியால் வெட்டி எடுத்த கயிற்றை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. "இஞ்சேருங்கோ, வெளிக்கிடுங்கோ" என்றேன். மறுக்கவில்லை, வந்தார். மழை இல்லாத கிழமை. ஆறு கண்ணாடியாகக் கிடந்தது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்த சத்தம் கேட்டது, அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியது. 

எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி, பின்பக்கமாக ஒவ்வொரு அடியாக இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டார்.

"கயிறு எங்கை?" என்றார்.

"கொண்டுவரேல்லை. இனி அது வேண்டாமப்பா. நீங்கள் போங்கோ, நான் இஞ்சைதான் நிக்கிறன்."

என் வெறும் கைகளைப் பார்த்தார். மேப்பிள் மரத்தைப் பார்த்தார். மரப்பட்டையில் கயிறு அறுத்த தடம் இன்னும் இருந்தது.

"கயிறு இல்லாமல் என்னெண்டு போறது?" என்றார். "கட்டிவிடும். நீர் கட்டிவிட்டால் போவன்."

அவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி நான் வந்து கட்டுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.