அக்கா போட்ட ஒரே கோல்

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தும் எனக்குள் ஏறவில்லை. மாடிப்படி மட்டும் நன்றாக ஏறுவேன். அதனால் இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பையன்களின் ரூம்களுக்குத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த மூளையை வைத்துக்கொண்டு ஒன்பது வயதிலேயே ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறேன் என்றால் யாரும் நம்புவதில்லை.

என் அக்கா கால்பந்தில் நடுவில் ஆடுகிறவள். பின்னாலிருந்து வரும் பந்தை வாங்கி, தலையைத் தூக்கிப் பார்த்து, முன்னால் ஓடுகிறவளின் காலடியில் கொண்டுபோய் வைப்பாள். அதை உள்ளே தள்ளுவது தூத்துக்குடி அக்கா. ஃபேக்டரி வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். கோல் விழுந்ததும் எல்லோரும் அவளைத்தான் தூக்குவார்கள். என் அக்கா அதற்குள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டிருப்பாள்.

அப்பாவுக்கு இந்த ஆட்டம் பிடிபடவே இல்லை. அவர் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் நின்றார். லைனின் முனையில் ஒரு போர்டு இருக்கும். மணிக்கு இத்தனை பீஸ் டார்கெட், வந்தது இத்தனை என்று எழுதுவார்கள். குறைந்தால் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பார். அந்த போர்டை அப்பா அக்காவின் கழுத்தில் மாட்டிவிட்டார். அவள் மேட்ச் முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எத்தினி பீசு?" என்பார். அவள் அடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்ப்பாள். "டார்கெட்டு ஒண்ணு, ஆக்சுவல் சைபரு" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கைவைப்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆட்டத்தில் எந்தப் பக்கம் நம்முடையது என்றே எனக்குத் தெரியாது. சிரிக்க மட்டும் தெரியும்.

அக்காவுக்குப் பதினேழு நடக்கும்போது, சம்பளம் கொடுத்துப் பெண்களை ஆடவைக்கும் ஒரு வெளிமாநில கிளப்பிலிருந்து ஆள் வந்து பார்ப்பதாகச் சேதி வந்தது. நடுவில் ஆட ஒரு பெண் வேண்டுமாம். பிடித்துவிட்டால் அன்றைக்கே ஒப்பந்தம். பதினெட்டு ஆகாததால் ஃபாரத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். இது நடக்காவிட்டால் அடுத்த மாதமே அவளும் லைனில் நிற்க வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார். ஃபாரம் நாலு நாள் டிவி மேல் கிடந்தது. மேட்ச் அன்று காலை காணோம். அக்கா தேடினாள். அப்பா ஏற்கெனவே ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். யாரையும் எதுவும் கேட்காமல் அவளும் கிளம்பிவிட்டாள்.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். கிளப்பிலிருந்து வந்தது தொப்பி போட்ட ஒரு அம்மா. முதல் பாதியில் அக்கா பந்தைத் தொட்டபோதெல்லாம் அவர் பேனா நோட்டில் ஓடியது. பாதி ஆட்டம் முடிகிற நேரம் அப்பா ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்தார். வேலியோரம் நின்று, கூட வந்தவரிடம், "இன்னிக்கு ஒரு பீசாவது போடட்டும், அப்பதான் கையெழுத்து" என்றார். சொல்லிவிட்டு அப்பா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை. அதற்குள் ஓடிவிட்டேன்.

அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ கோலு போட்டாத்தான் கையெழுத்து போடுவாராம்க்கா. அப்பாவே சொன்னாரு."

அவள் பாட்டிலை மூடிக்கொண்டே வேலிப் பக்கம் பார்த்தாள். அப்பா கைகட்டி நின்றிருந்தார்.

அதற்கப்புறம் அவள் யாருக்கும் பந்து கொடுக்கவில்லை. கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் அடித்தாள். ஒன்று ரோட்டில் நின்ற கம்பெனி பஸ்ஸின் கூரைமேல் விழுந்தது. "ஏட்டி, நான் இங்க சும்மாதான நிக்கேன்" என்று தூத்துக்குடி அக்கா கையைத் தூக்கிக்கொண்டே நின்றாள். நடுவில் ஆளில்லாத வழியாக வந்து எதிர்ப்பக்கம் இரண்டு போட்டது. கடைசியில் அக்கா அடித்த ஒரு பந்து எவளுடைய முட்டியிலோ பட்டு உள்ளே போனது. நான் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடி, கொடிக்கம்பத்தில் மோதி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் தொப்பி அம்மா நோட்டை மூடிவிட்டிருந்தார். கோலே போட்டாயிற்று, இன்னும் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா கோச்சிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் காரில் ஏறினார். கோச் அக்காவிடம் வந்து, "மொத பாதியில ஆடுன பொண்ணத்தான் தேடி வந்தாங்களாம். ரெண்டாவது பாதியில அவ எங்க போனான்னு கேட்டுட்டுப் போறாங்கம்மா" என்றார். இங்கேதானே நிற்கிறாள், எதற்குத் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். கோச் சொன்னது அவர் காதில் விழவில்லை. சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து நீட்டினார். கேட்ட மூன்று இடத்திலும் கையெழுத்து இருந்தது. எட்டு மணிநேர வியர்வையில் மை ஊறி, நீலமாகப் பரவியிருந்தது.

"காலீலயே போட்டு வச்சிட்டேன்மா, இந்தா."

அடுத்த மாதம் அக்கா கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். இன்றைக்கும் ஏறுகிறாள். இந்தப் பக்கம் வரும் பீஸை வாங்கி அந்தப் பக்கம் நிற்பவளிடம் கொடுக்கிற வேலை.

அன்றைக்கு அவள் ஃபாரத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சட்டையப் போடுடா" என்றாள், அவ்வளவுதான். அவ்வளவு தூரம் ஓடிப்போய்ச் சேதி சொன்னவனுக்கு ஒரு நல்ல வார்த்தைகூட இல்லையே என்று, வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவே இல்லை.