ஐஸும் ஈரச்சாக்கும்

மீன் ஆய்ந்து தருவது என் வேலை. விற்பதில்லை. விற்பதற்கு வாய் வேண்டும். கூவ வேண்டும், பேரம் பேச வேண்டும், போகிறவர்களை இழுத்து நிறுத்த வேண்டும். எனக்கு அது வராது. எர்ணாவூர் மார்க்கெட்டின் கடைசியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால், மீன் வாங்கினவர்கள் தாங்களாகவே வந்து கூடையை நீட்டுவார்கள். செதிலைச் சீவி, செவுளை எடுத்து, குடலைத் தள்ளி, துண்டு போட்டுக் கொடுப்பேன். குனிந்த தலையை நிமிர்த்த வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் இத்தனை வருஷம் செய்ய முடிந்தது.

அப்படிப்பட்ட நான், பெற்ற மகனிடம் போய் ஒரு ஆண்பிள்ளைச் சமாசாரத்தைப் பேச வேண்டி வந்தது. படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். எழுதும்போது எதிரில் முகம் இல்லை.

என் மகன் காசிமேட்டிலிருந்து போகிற ஒரு லாஞ்சில் டிரைவர். போனால் உடனே கரைக்கு வராமல் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற லாஞ்சு. இஞ்சின் ரூமுக்கு மேலே ஒரு பலகை. அதில்தான் உட்காருவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம். பலகை எப்போதும் தோசைக்கல் மாதிரி சுடும் என்று அவனே சொல்லிச் சிரித்திருக்கிறான். கீழுதட்டுக்குள் எந்நேரமும் புகையிலைத்தூள். மற்றபடி நல்ல பிள்ளை. அப்பா இல்லாமல் வளர்ந்தவன், என் மனசு கோணப் பேசினதில்லை.

மருமகள் திருவொற்றியூர்ப் பெண். இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கேள்வியெல்லாம் அவளுக்குத்தான். பக்கத்தில் உட்கார்ந்து நண்டு விற்கிற அக்கா, எனக்கு மூத்தவள், கெட்ட மனசில்லை, வாய் மட்டும் ஓயாது. வாரம் தவறாமல் கேட்பாள்: “இன்னா, உன் மருமவ எப்பதான் முயுவாம இருப்பா?” நான் மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் சீவுவேன்.

வேண்டுதல் எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அவளுக்கு ரத்தம் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், கருக்குழாயில் மருந்து விட்டுப் படம் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. முதல் நாளே வீட்டுக்காரரை அழைத்து வரச் சொல்லியிருந்தார். இவன் போகவில்லை. தனக்கென்ன குறைச்சல், வலை இழுக்கிறேன், இஞ்சினைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டுகிறேன் என்றான். உடம்பில் பலம் இருந்தால் அதுவும் இருக்கும் என்று அவன் கணக்கு. எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் அதே கணக்குதான்.

அந்தக் குழாய்ப் படம் எடுத்த அன்றைக்கு மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் குவார்ட்டர்ஸ் படியை ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறி வந்தாள். இவன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அன்று சாயந்திரம், யாரும் கேட்காமல், “எந்த ஆஸ்பத்திரி?” என்றான்.

ஆண்களுக்கு முதலில் பார்ப்பது விந்துப் பரிசோதனை. அங்கே அதை சாம்பிள் என்றார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். எனக்கு அந்த வார்த்தை கிடைத்தது பெரிய உபகாரம். அவன் போன அன்று ஒரு டப்பாவைக் கொடுத்து பாத்ரூமைக் காட்டியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் சரியாக விழவில்லை, வெளியே வரிசை, யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். முடியாமல் வெளியே வந்து நின்றிருக்கிறான். லேபில் இருந்த பெண், வீட்டிலிருந்தே எடுத்து வரலாம், ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றிருக்கிறாள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவள் மேலே சொல்வதற்குள் இவன் டப்பாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். வெட்கம்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் மார்க்கெட்டுக்கு என்னைத் தேடி வந்தான். பைக் இஞ்சினை அணைக்காமலே, “ஐசு கொஞ்சம் குடும்மா” என்றான். எதுக்கு நைனா என்று கேட்டேன். “வேணும், குடேன்.” பக்கத்துக் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். டாக்டரம்மாவுக்கு மீன் கொண்டு போகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டில் அன்றைக்கும் கன்டெய்னர் லாரிகள் துறைமுகம் வரைக்கும் நின்றன. அந்த வெயிலில் இடுக்கு இடுக்காக பைக்கை நுழைத்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ரிசல்ட் வாங்கப் போனபோது, எண்ணிக்கை கம்மி, அதிலும் ஒன்றுகூட அசையவில்லை, டாக்டரைப் பாருங்கள் என்றிருக்கிறார்கள். அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டில் ஒரு ரூம்தான். குரலைத் தாழ்த்திப் பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும்.

“நீ உங்கம்மா வூட்டுக்குப் போய்டு” என்றான் அவளிடம். “உம்மேல ஒரு கொறையும் இல்லன்னு உங்க நைனாவாண்ட நானே சொல்றேன். வேற எடத்துல கட்டிக் குடுக்கட்டும்.”

“நான் இன்னா, ஏலத்துல எடுத்த மீனா? கெட்டுப்போச்சுன்னு திருப்பி வுட்றதுக்கு?”

“கெட்டது நான்தான். எல்லாம் செத்துக் கீதாம். நான் கரைக்கு வர்றதுக்குள்ள கெளம்பிடு.”

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதென்றால் ஒரு தூக்கம் தூங்கினால் சரியாகிவிடும். மறுநாள் லாஞ்சு ஏறிப் போய்விட்டான்.

அவள் துணியை மூட்டை கட்டவும் இல்லை, அழவும் இல்லை. கம்பெனிக்குப் போனாள், வந்தாள். இரண்டு நாள் கழித்து, “அத்த, நீ கூட வா. டாக்டரம்மாவாண்ட ஒரு தபா கேட்டுட்டு அப்பால நான் போறதா இருந்தா போறேன்” என்றாள். எனக்கு அந்த இடத்தில் உட்காரவே கூச்சம். ஆனாலும் போனேன். மீன் வாசனை போகட்டும் என்று கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். எவ்வளவு நேரத்தில் கொண்டு வந்தார் என்று கேட்டார். சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டார் என்றாள் இவள்.

“எப்படிக் கொண்டுவந்தார்?”

“பத்ரமாத்தான் டாக்டர். வெய்யில்ல கெட்டுப்பூடும்னு ஐசுக்குள்ள வெச்சி, கவர்ல கட்டிகினு வந்தாரு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சிரிப்பு வந்திருக்கும், உதட்டை மடித்து அடக்கிக்கொண்டார்.

“அம்மா, அது உடம்புச் சூட்டுலதான் உயிரோட இருக்கும். சட்டைக்குள்ள, வயித்தோட ஒட்டி வெச்சுக் கொண்டுவரணும். ஐஸ்ல போட்டா ஓடாது. குறையே இல்லாத ஆம்பளையோடதைப் போட்டாலும் ஓடாது.”

எனக்கு அந்த இரண்டு கை ஐஸ் நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு பரிசோதனையை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை, இன்னொரு முறையாவது பார்ப்பார்கள். எண்ணிக்கை கம்மி என்பது நிஜமாகவும் இருக்கலாம். இஞ்சின் சூட்டிலேயே உட்கார்ந்திருப்பது, புகையிலை, குடி, விதைப்பையில் ரத்தக்குழாய் சுருண்டு வீங்கியிருப்பது, வாலிப வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, இப்படி எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். சில பேருக்குக் காரணமே தெரியாது. ஆண்களைப் பார்க்கிற டாக்டர் தொட்டுப் பார்த்து, ரத்தத்தில் ஹார்மோன் பார்த்து, ஸ்கேன் எடுத்துச் சொல்வார். பல பேருக்குச் சரி செய்ய வழி இருக்கிறது, சில பேருக்கு வேறு வழி இருக்கிறது. முதலில் ஆள் வர வேண்டும்.

வெளியே வந்ததும் மருமகள் சொன்னாள்: “நான் சொன்னா நம்ப மாட்டாரு அத்த. தேத்தறதுக்குச் சொல்றேன்னு நெனச்சிப்பாரு. நீதான் சொல்லணும்.”

லாஞ்சு திரும்பி வருகிற வரைக்கும் நான் மீனைச் சரியாக ஆயவில்லை. பெற்ற பிள்ளையானாலும் குளிப்பாட்டுகிற வயசு தாண்டினால் தாய் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அவனிடம் எந்த வார்த்தையில் இதைத் தொடங்குவது? நடக்கும்போதும் சமைக்கும்போதும் வாக்கியம் கட்டிப் பார்ப்பேன். எல்லாமே பாதியில் வெட்கப்பட்டு நின்றுவிடும்.

ஒரு நாள் பக்கத்து அக்கா, எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வந்த சேற்று நண்டுகளுக்குக் காலைக் கட்டி, ஈரச்சாக்கில் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தினம் பார்க்கிறதுதான். அன்றைக்குக் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தேன்.

லாஞ்சு வருகிற அன்று காசிமேட்டுக்குப் போனேன். நான் அங்கே போவதே இல்லை. அந்தக் கூச்சலும் தள்ளுமுள்ளும் எனக்கு ஆகாது. மீன் இறக்கி முடித்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது.

“இன்னாம்மா? வூட்ல இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல.”

“அவ போய்ட்டாளா?”

“போவல.”

அவன் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படித் திரும்பிக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது.

“மார்க்கெட்டுல பெரிம்மா நண்ட எதுல போட்டு வெக்கறா?” என்று கேட்டேன்.

“இன்னாம்மா கேக்கற நீ?”

“சொல்லேன்.”

“ஈரச்சாக்குல.”

“ஐசு போட மாட்டாளா?”

“போட்டா செத்துப்பூடுமே. உசுரா இருந்தாத்தான அதுக்கு வெல” என்றவன், சொன்ன வாயோடு நின்றுவிட்டான்.

நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “ஐசு செத்த மீனுக்குடா. நீ எடுத்துகினு போனது உசுருள்ளது. டாக்டரம்மாவே சொன்னாங்க.”

ஐஸ் உடைக்கிற மிஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சுருட்டின கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். “அப்ப சாவலியா?” என்றான்.

“அது அவங்களுக்கே தெரியாது. கம்மியா இருக்கலாம், சரியாக்கூட இருக்கலாம். ஐசப் பாத்துச் சொன்ன பதிலு பதிலே இல்லன்றாங்க. மறுபடி பாக்கணும்.”

“எப்டி எடுத்துகினு போறது?”

“வயித்தோட” என்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன். பஸ் எப்போதும் வரும், அது அவனுக்கும் தெரியும்.

மறுமுறை மருமகள்தான் டப்பாவைக் கொண்டு போனாள். இடுப்பில் புடவைக்குள் செருகி, மேலே முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார்ந்தாள். அந்த முறை அசைவு இருந்தது. நிறைய இல்லை, கொஞ்சம். ஆண்களைப் பார்க்கிற டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே ஒரு பக்கம் ரத்தக்குழாய் சுருண்டிருப்பதைச் சொன்னார். ஸ்கேனிலும் அதுவே தெரிந்தது. வலி இல்லாததால் இத்தனை வருஷமாக இவனுக்கே தெரியாது. சின்ன ஆப்பரேஷன் செய்தார்கள். புகையிலையை விடச் சொன்னார்கள். புதிதாக உருவாகி வர மூன்று மாதம் ஆகுமாம், அதற்கப்புறம்தான் பலன் தெரியும், எல்லோருக்கும் பலன் வரும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். அவன் டிரைவர் பலகையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு வலைப் பக்கம் மாறிக்கொண்டான். புகையிலை இல்லாத முதல் மாதம் வீட்டில் யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை.

ஏன் பலகையை விட்டாய் என்று லாஞ்சில் கேட்டிருக்கிறார்கள். இவன் ஐஸ் கதையை அப்படியே சொல்லிவிட்டான். நான் கேட்டபோது, “மறைச்சு வெச்சிகினு எத்தினி நாள்மா திரியறது” என்றான். லாஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அதில் இரண்டு பேர் பிறகு தனித்தனியாக வீட்டுக்கே வந்து, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். கதை அப்படியே கரையேறி மார்க்கெட்டுக்கும் வந்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாளா என்கிற பேச்சை அக்கா என்னிடம் அன்றோடு நிறுத்திவிட்டாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு பரிசோதனைக்குப் போன காலையில், ரோட்டில் லாரி நெருக்கடி என்று மார்க்கெட் சந்து வழியாக பைக்கில் வந்தார்கள். அவன் முன்னால், இவள் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு பின்னால். அக்கா பார்த்துவிட்டாள். பார்த்தால் விடுவாளா?

“இன்னா நைனா, ஐசு எதுனா வோணுமா?”

மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. எனக்குக் கை நின்றுவிட்டது. அவன் பைக்கை மெதுவாக்கினான்.

“ஐசு வாணாம் பெரிம்மா. ஈரச்சாக்கு இருந்தா குடு.”

மீன்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் முகத்தை அவன் முதுகில் மறைத்துக்கொண்டாள்; இடுப்பில் இருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. பைக் சந்தைத் தாண்டி ரோட்டில் ஏறியது.

எதிரில் ஒரு அம்மா சங்கரா மீன் கூடையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். பெரிய துண்டா, சின்ன துண்டா என்று கேட்க நிமிர்ந்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.